புதியவர் கையில் துப்பாக்கி: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம்மவர் வீடுகளில் துப்பாக்கிப் பேச்சு கூடிவிட்டது. சாட்ஸ்வர்த்தில் ஒரு மாமா தன் அக்கா மகனை ரேஞ்சுக்கு, அதாவது சுடப் பழகும் இடத்துக்கு, கூட்டிப்போகிறார். ஃபீனிக்ஸில் ஒருவர் மனைவியைக் கூட்டிப்போகிறார். போனவர்களில் பலர் காது இரைய, தோள் கன்றி, "இது நமக்கு ஒத்துவராது" என்று திரும்புகிறார்கள். கூட்டிப்போனவர் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

என் அபிப்பிராயம் வேறு. புதியவர் கையில் தெரியும் பிழையில் பெரும்பங்கு, கூட்டிப்போனவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்துவைத்த பிழை. பெரிய துப்பாக்கி, மலிவான காதுக்கவசம், மேகசின் நிறையத் தோட்டா, பின்னால் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் குடும்பம். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் உங்கள் ஏற்பாட்டைப் பாருங்கள், பிறகு அவர் கையைப் பாருங்கள்.

சட்டம் பற்றி ஒரு வரி. தென்னாப்பிரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் (2000-ஆம் ஆண்டின் 60-ஆம் சட்டம்) 22-ஆம் பிரிவின்படி, உரிமம் உள்ளவர் தன் நேரடிக் கண்காணிப்பில், பாதுகாப்பான இடத்தில், சட்டத்துக்கு உட்பட்ட காரியத்துக்காகத் தன் துப்பாக்கியை இன்னொருவர் பயன்படுத்த விடலாம். கை எட்டும் தூரத்தில் நின்றால்தான் அது கண்காணிப்பு. பெஞ்சில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுப்பவர் யாரையும் கண்காணிக்கவில்லை.

கிட்டவே வரமாட்டேன் என்கிறார், உள்ளங்கை வியர்க்கிறது

இது கோளாறே இல்லை. பயப்பட வேண்டிய பொருளைக் கண்டு பயப்படுகிறார், அவ்வளவுதான். துளியும் பயமில்லாமல் வந்து நிற்பவனிடம்தான் எனக்குக் கவலை.

முதலில் இடத்தை மாற்றுங்கள். கூரைக்குள் இருக்கும் ரேஞ்சில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி நெஞ்சிலேயே இடிக்கும். பக்கத்துத் தடுப்பில் ஒருவர் 12 போர் ஷாட்கன் எடுத்தால் உங்கள் பாடம் அன்றைக்கு அதோடு சரி. வெட்டவெளி ரேஞ்சு, அதுவும் வார நாள் காலை, புதியவருக்கு எவ்வளவோ மேல். டர்பன் கோடையில் மதியத்துக்கு மேல் புழுக்கத்தில் பாதுகாப்புக் கண்ணாடி ஆவி படிந்துவிடும் என்பதும் காலையில் போக இன்னொரு காரணம்.

பிறகு, தோட்டாப் பையைத் திறக்காமலே காலித் துப்பாக்கியை மேசையில் வைத்துப் பேசுங்கள். விதிகள் நான்கே. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே எண்ண வேண்டும். நாசமானாலும் பரவாயில்லை என்று மனம் ஒப்பாத எதன் பக்கமும் குழல்வாய் போகக்கூடாது. சைட்டு (குறிபார்க்கும் முனை) இலக்கில் உட்காரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மேசையில் வைத்துவிட்டு விலகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்" என்று சொல்லிவிட்டால் பாதி வியர்வை அப்போதே நின்றுவிடும். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

சுடும் நொடியில் கண் மூடுகிறது, உடம்பு துள்ளுகிறது, குண்டெல்லாம் கீழே போகிறது

புதியவர்களிடம் மிக அதிகமாகக் காண்பது இதுதான். தப்பாக வைத்தியம் பார்ப்பதும் இதற்குத்தான். வலது கைக்காரர் சுட்ட தாளைப் பாருங்கள்: ஓட்டைகள் இலக்குக்குக் கீழே, இடப்பக்கமாக விழுந்திருக்கும். இடது கைக்காரருக்கு வலப்பக்கம். உடனே யாராவது "சைட்டு கோணலா இருக்கு" என்று திருப்புளியைத் தேடுவார். சைட்டில் கை வைக்காதீர்கள். அதே துப்பாக்கியை நீங்கள் வாங்கி, மணல்மூட்டை மேல் வைத்து நிதானமாகச் சுட்டுப் பாருங்கள். நடுவில் போய் உட்கார்ந்தால் சைட்டில் குறையில்லை.

நடப்பது இது. வெடிக்கப்போகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பட்டாசுத் திரியில் நெருப்பு வைத்தவர் வெடிக்கும் முன்பே முகத்தைச் சுளிப்பது போல, டிரிகர் முழுதாக வருவதற்குள் மணிக்கட்டு உதைப்பை எதிர்த்துக் கீழே அழுத்துகிறது. குண்டு கிளம்பும்போது குழல் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது.

முதல் மருந்து காதுக்கு. துள்ள வைப்பதில் உதைப்பைவிடச் சத்தத்துக்குத்தான் பங்கு அதிகம். .22 ரைஃபிளே (மிகச் சிறிய தோட்டா போடுவது) 140 டெசிபல் அளவுக்கு வரும். 9 எம்எம் பிஸ்டல் 160-ஐ ஒட்டிப் போகும். ஒரே வெடியில் காதைக் கெடுக்க 140 போதும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே காதுக்குள் பஞ்சடைப்பான், அதன் மேல் காதுக்கவசம், இரண்டும். இரண்டையும் போட்டால் பலன் இரண்டு மடங்காகாது. தனியாக ஒன்று போடுவதைவிட ஐந்து டெசிபல் போலத்தான் கூடும். ஆனால் புதியவருக்கு அந்த ஐந்தே பெரிய வித்தியாசம். பஞ்சடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். காது ஓரத்தில் செருகி வைத்தால் காதணிக்குத் துணையாக இருக்கும், வேறு பிரயோசனம் இல்லை. கண்ணாடியின் காம்பு தடியாக இருந்தால் கவசத்தின் மெத்தை தூக்கிக்கொண்டு சத்தம் உள்ளே வரும். மெல்லிய காம்புள்ளதைக் கொடுங்கள்.

இரண்டாவது மருந்து .22. "எதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு, நேரே 9 எம்எம் பழகட்டும்" என்பவர்களை நானும் பார்க்கிறேன். அவர்கள் கூட்டி வந்தவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை. மேசை மேல் மணல்மூட்டையில் சாய்த்த, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுடும் .22 ரைஃபிளில் உதைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. 25 மீட்டரில் தாளுக்குப் பதில் ஊதிய பலூனைக் கட்டுங்கள். பலூன் உடைகிற நொடியில் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்குப் பிறகு கற்றுக்கொடுப்பது எல்லாமே எளிது. கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம். தெறிக்கும், ரேஞ்சும் விடாது.

மூன்றாவது, ஏற்கெனவே துள்ளல் பழகிவிட்டவருக்கு. மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே டம்மி தோட்டாவை (வெடிமருந்து இல்லாத போலி) அவருக்குத் தெரியாத இடத்தில் கலந்து கொடுங்கள். டம்மி வரும்போது 'டிக்' என்று மட்டும் கேட்கும். வெடியும் உதைப்பும் இல்லாமலே குழல் முனை வெடுக்கென்று கீழே குத்தும். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அவரே பார்த்துச் சிரித்துவிடுவார். அடுத்த டம்மியில் குத்து குறையும், அதற்கடுத்ததில் முனை அசையாது நிற்கும். "இழுக்காதே, துள்ளாதே, மூடாதே" என்று காதுக்கவசத்துக்கு மேல் கத்துவதைவிட இது எவ்வளவோ வேகமாக வேலை செய்கிறது.

சிறிய துப்பாக்கி பற்றியும் சொல்ல வேண்டும். "அத்தை கைக்கு அடக்கமா" என்று இரண்டங்குலக் குழலுள்ள .38 ரிவால்வரைக் கையில் திணிப்பார்கள். எடை குறையக் குறைய உதைப்பு கூடும் என்பது வீட்டில் எல்லாரும் மறந்துபோகிற சமாசாரம். நம் போலீஸ் வைத்திருக்கும் இசட்88 பிஸ்டல், பெரட்டா 92-இன் உள்ளூர் வடிவம், ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் 9 எம்எம் சுடுவது கைப்பையில் மறையும் ரிவால்வரில்.38 சுடுவதைவிட மென்மை. அந்தக் குட்டி ரிவால்வர் அனுபவசாலியின் கையையே வலிக்கவைக்கும் சாமான்.

துப்பாக்கியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்க்கிறார்

இந்தப் பட்டியலில் ஆள் சாகக்கூடியது இதுதான். இலக்கில் பட்ட சந்தோஷத்தில் "மாமா, பாத்தீங்களா!" என்று உடம்பு முழுக்கத் திரும்பும், கையும் கூடவே வரும், குழல்வாய் வரிசையாக எல்லார் வயிற்றையும் தடவிக்கொண்டு போகும். யாரையும் நோக்கித் துப்பாக்கியை நீட்டுவது இந்த நாட்டில் அதே சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி குற்றம்; அதைக் கருதியாவது பின்னால் நிற்பவர்கள் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும்.

திட்டிப் பயனில்லை, அது அனிச்சை. முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும். முதல் சுற்றுகளில் ஒரே ஒரு தோட்டா மட்டும் நிரப்புங்கள். சுட்ட பிறகு கையில் இருப்பது காலித் துப்பாக்கி, திரும்பினாலும் பெரிய ஆபத்து குறைந்தது. நீங்கள் அவர் சுடும் கைப் பக்கத்தில், அரை அடி பின்னால், உங்கள் கை அவர் முன்கைக்குக் கிட்டே இருக்கும்படி நில்லுங்கள். திரும்பத் தொடங்கினால் முன்கையைத் தடுத்து முன்பக்கமே நிறுத்தலாம். "மேசையில் வை, கையை எடு, பிறகு திரும்பு" என்பதைத் தோட்டாவே இல்லாமல் சில தடவை ஒத்திகை பாருங்கள். படம் எடுக்க ஆசைப்படுபவர்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, பேச்சு கூடாது என்று சொல்லிவையுங்கள்.

இதே கூத்துக்கு இன்னொரு காரணம் சூடான காலிக் கூடு. பிஸ்டல் வெளியே தள்ளும் பித்தளை, கழுத்து இறங்கிய சட்டைக்குள் விழுந்தால் யாராக இருந்தாலும் குதிப்பார்கள். கழுத்து மூடிய பருத்திச் சட்டை, விளிம்புள்ள தொப்பி, மூடிய ஷூ. ஸ்லாப்ஸ் (ரப்பர் செருப்பு) போட்டு வந்தவரை அன்று சுட விடவேண்டாம். "உள்ளே விழுந்தாலும் குழலை முன்னால் வைத்தபடி மேசையில் வை, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடு" என்று முன்பே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

விரல் டிரிகரிலேயே போய் உட்கார்கிறது

"விரல்!" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவதற்குப் பதில் விரலுக்கு ஓர் இடம் கொடுங்கள். டிரிகர் வளையத்துக்கு மேலே, துப்பாக்கியின் உடற்சட்டத்துப் பக்கவாட்டில் ஒரு சின்ன முனையோ பள்ளமோ இருக்கும். அங்கே விரல் நுனி படட்டும். இல்லையென்றால் ஒரு துண்டு முரட்டுத் துணிநாடா ஒட்டிவிடுங்கள். "அங்கே வைக்காதே" என்பதைவிட "இங்கே வை" என்பது கைக்குச் சீக்கிரம் புரிகிறது.

பிஸ்டலின் ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுக்க முடியவில்லை

வலு இல்லாததால் அல்ல, பிடி தப்பாக இருப்பதால். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு கிள்ளி இழுக்கப் பார்ப்பார்கள். இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்து இறுக்கிப் பிடித்து, பிஸ்டலை உடம்புக்குக் கிட்டே கொண்டுவந்து, வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ளச் சொல்லுங்கள். ஸ்லைடு நிற்கிறது, துப்பாக்கி போகிறது. முழுதாகப் பின்னே வந்ததும் கூடவே போகாமல் பட்டென்று விட்டுவிட வேண்டும். கவனம்: இப்படிச் செய்யும்போது குழல் இடப்பக்கம், அடுத்தவர் பக்கம் சாயும். அதனால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கட்டும், குழல் இலக்கையே பார்க்கும். மூட்டுவலி உள்ள ஆயாவுக்கு இதுவும் வராது என்றால் .22 போல்ட் ரைஃபிளோடு சந்தோஷமாக இருக்கட்டும்.

பிஸ்டல் அடிக்கடி சிக்குகிறது

காலிக் கூடு ஸ்லைடில் செங்குத்தாக மாட்டி நிற்கும். நீங்கள் சுட்டால் ஒழுங்காக ஓடும், அவர் சுட்டால் சிக்கும். ஸ்லைடு முழுத் தூரம் பின்னே ஓட வேண்டுமானால் அதைத் தாங்கும் உடற்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டமும் சேர்ந்து பின்னே போய்விடுகிறது, ஸ்லைடுக்கு ஓட்டம் குறைந்துவிடுகிறது. பிடியை மேலே ஏற்றுங்கள், மணிக்கட்டைப் பூட்டச் சொல்லுங்கள், இடது கையின் பிடியைக் கூட்டுங்கள். அப்போதே இன்னொன்றும் பாருங்கள்: இடது கட்டைவிரல் ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறதா? கிடந்தால் முதல் வெடியிலேயே தோல் உரியும். இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம், முன்னோக்கி.

இழுத்தும் வெடிக்கவில்லை, அல்லது 'புஸ்' என்று போனது

இரண்டும் வேறு வேறு. 'டிக்' என்று மட்டும் கேட்டால், குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு திறந்து எடுங்கள். .22-இல் இது அவ்வப்போது நடப்பதே, பதற்றம் வேண்டாம்.

வழக்கத்தைவிட மெலிந்த சத்தமும் உதைப்பில்லாத உணர்வும் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வெடிமருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டு போனால் குழல் வெடிக்கும். புதியவருக்கு எது வழக்கம் என்று தெரியாது, நீங்கள்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழலுக்குள் கம்பி விட்டு அடைப்பில்லை என்று உறுதிசெய்யும்வரை அந்தத் துப்பாக்கி ஓய்வில்.

தோள் கன்றுகிறது, புருவம் கிழிகிறது

ரைஃபிளும் ஷாட்கனும் செய்யும் வேலை. பயத்தில் ஆள் பின்னே சாய்கிறார், துப்பாக்கியின் பின்கட்டை தோளை விட்டு விலகுகிறது, இடைவெளியில் வேகம் பிடித்து வந்து இடிக்கிறது. ஒரு கால் முன்னே, மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே, கட்டை தோள்பட்டைக் குழிக்குள் அழுந்த. கட்டை நீளமாக இருந்தால் குழியில் உட்காராமல் புயத்தில் நிற்கும், அங்கேதான் நீலம் பாய்கிறது. குட்டைக் கட்டை தேடுங்கள். ஷாட்கனுக்கு 32 கிராம் (உள்ளிருக்கும் சிறுகுண்டுகளின் எடை) தோட்டாவுக்குப் பதில் 24 கிராம் தோட்டா கேளுங்கள். வேட்டைக்கு வைத்திருக்கும் .308 ரைஃபிளில் தொலைநோக்கியோடு கண்ணை ஒட்டிவைத்தால் அதன் விளிம்பு புருவத்தைப் பிறைபோலக் கிழிக்கும். கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஆனால் முதல் நாளில் .308 எதற்கு என்பதுதான் என் கேள்வி.

சைட்டு தெரியவில்லை, அல்லது இரண்டாகத் தெரிகிறது

எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரு கைகளையும் நீட்டி நடுவில் சின்ன ஓட்டை விட்டு, தூரத்து மரத்தை அதன் வழியே இரு கண்ணாலும் பார்க்கட்டும். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணுக்கு மரம் நிற்கிறதோ அதுதான். கையும் கண்ணும் எதிரெதிர் என்றால் பிஸ்டலில் சிரமமில்லை, துப்பாக்கியை இரண்டு அங்குலம் அந்தக் கண்ணுக்கு நேரே நகர்த்தினால் போதும். ரைஃபிளில் மறு தோளுக்கு மாற்றலாம், அல்லது ஆளும் கண்ணின் கண்ணாடியில் மங்கலான நாடா ஒட்டலாம். நாற்பத்தைந்து தாண்டியவருக்கு முன்சைட்டு மங்குவது வயது. சிவப்புப் புள்ளி சைட்டு வைத்த.22 கொடுத்தால் சண்டை முடிந்தது.

கடைசியில் சுட்டது முதலில் சுட்டதைவிட மோசம்

களைப்பு. ஒரு பெட்டி .22, அதாவது 50 தோட்டா, முதல் நாளுக்குத் தாராளம். நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். காவடி விரதத்தில் இருப்பவரைக் கூட்டிவராதீர்கள். வெறும் வயிற்றில் கை நடுங்கும். பிரையும் (தணலில் கறி சுடும் விருந்து) பீரும் எல்லாத் துப்பாக்கியும் பூட்டப்பட்ட பிறகு. குடித்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடுவதும் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று: கணவர் மனைவிக்குக் கற்றுக்கொடுப்பது ஏனோ பெரும்பாலும் கடைசிப் பத்துத் தோட்டாவில் சண்டையாக முடிகிறது. ரேஞ்சு அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

சுட்டு முடித்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். தோட்டாவின் ஈயத்தூள் கையில் ஒட்டியிருக்கும். நாம் பன்னி சௌவைக் (குழித்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) கையால் பிய்த்துச் சாப்பிடுகிறவர்கள். கர்ப்பிணிகள் சத்தத்துக்காகவும் ஈயத்துக்காகவும் ரேஞ்சைத் தவிர்ப்பது நல்லது. சாப்பாட்டைக் காரிலேயே பூட்டி வையுங்கள். குரங்குகள் வெடிச் சத்தத்துக்கெல்லாம் அஞ்சுவதாகத் தெரியவில்லை.

"இன்றைக்கே ஒன்று வாங்கணும்"

இந்த அறிகுறிக்கு அரசாங்கமே மருந்து வைத்திருக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சட்டப் பாடமும் துப்பாக்கிப் பாடமும் முடித்து, போலீஸ் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியிடம் 517 படிவத்தில் தகுதிச் சான்றிதழ் கேட்க வேண்டும். பிறகுதான் குறிப்பிட்ட துப்பாக்கிக்கு 271 படிவம். வீட்டில் தரநிலைப்படியான பெட்டகமும் வேண்டும். தற்காப்பு உரிமம் 13-ஆம் பிரிவில் ஒரே ஒரு துப்பாக்கிக்கு, 5 ஆண்டுக்கு. எப்போதாவது வேட்டையாடுபவர், போட்டியில் சுடுபவருக்கு 15-ஆம் பிரிவில் 10 ஆண்டுக்கு. அந்தக் காத்திருப்புக் காலத்தில் ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும் பிஸ்டல்களை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் கவுண்டரில் நீட்டுவதும் கைக்குப் பொருந்துவதும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.